அண்டி ஆபீஸின் ஐந்து ஏன்கள்

அண்டி ஆபீஸ் என்றதும் யாரும் மேசை நாற்காலியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தொலி உரித்து, தரம் பிரித்து டின்னில் அடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தக்கலையில் குலசேகரம் பஸ் ஏறி, கொட்டை வறுக்கிற புகை மூக்கைப் பிடித்து இழுக்கிற இடத்தில் இறங்கினால் சுயம்புராஜ் முதலாளியின் அண்டி ஆபீஸ். உள்ளே இருநூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு கக்கூஸ் கட்டியிருந்தார்கள். கதை அந்தக் கக்கூஸைப் பற்றியதுதான். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்து முடித்துக்கொள்வது நல்லது, இதைவிட நாற்றமடிக்கிற ஆட்கள் பின்னால் வருகிறார்கள்.

இரண்டில் ஒன்றின் பீங்கான் உடைந்து நெடுங்காலம் ஆகிறது. மற்றதற்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. வாளி என்று ஒன்று இருந்தது, அதையும் சாம்பல் அள்ளக் கொண்டுபோன வறுப்புக்காரர்கள் திருப்பித் தரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் காலையில் தின்ற மரச்சீனிக்கிழங்கு வாய்க்கு வந்துவிடும். ஆண்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கிறது. முதலாளிக்கு அவர் அறையிலேயே ஓடு பதித்தது ஒன்று உண்டு, அதன் சாவி அவர் இடுப்பில் இருக்கும்.

ஆகவே பெண்கள் போனது கதீஜா உம்மாள் வீட்டுக்கு. ஆலையின் பின்மதில் ஒரு மழைக்காலத்தில் இடிந்து, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் உம்மாளின் வீடு. மகன் அமீன் துபாயிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும். போகிறவள் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் கோரித் தொட்டியில் ஊற்றிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அதற்காக யாரும் மீட்டிங் போடவில்லை, கைதட்டவில்லை, சுவரில் படம் ஒட்டவில்லை. தொட்டி வற்றி ஒருநாளும் பார்த்ததில்லை.

"போயிட்டு வாங்க மக்களே, படச்ச ரப்பு குடுத்த ஒடம்பு. இதுக்குப் போய் என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போடுகிய?" என்பாள் உம்மாள்.

தொலி உரிக்கிற பகுதியில் சுபிதா என்று ஒருத்தி. பிளஸ் டூ தேறியவள், புருஷன் செல்வன் ரப்பர் பால் வெட்டப் போகிறவன். அவளுக்குக் கொஞ்ச நாளாக மூத்திரக் கடுப்பு. தக்கலை கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணி நெறைய குடிக்கணும். வந்தா உடனே போயிரணும், அடக்கப்பிடாது. அடக்கி அடக்கித்தான் இது வந்திருக்கு. இனியும் அடக்கினா கிட்னியில போய் நிக்கும், கேட்டியா?" என்றார். சுபிதா கேட்டாள். ஒரு குப்பி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடிப்பதும் மதில் ஓட்டை வழியாக ஓடுவதும் வருவதுமாக ஒருவழியாகத் தேறிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் முன்னேற்றம் வந்து சேர்ந்தது.

அது வெளிநாட்டிலிருந்து வந்தது. முந்திரி வாங்குகிற கம்பெனிக்காரன், உன் ஆலையில் தொழிலாளர்கள் குழு குழுவாக உட்கார்ந்து தினந்தோறும் வேலையை மேம்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டானாம். மேம்படுத்தினால்தான் சரக்கு எடுப்பானாம். சுயம்புராஜ் திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, கூடவே பெனின் என்பவரையும் கூட்டி வந்தார். பெனின் ஷார்ஜாவில் ஏதோ கம்பெனியில் இருந்தவர். இங்கே அவருக்குத் தொடர் முன்னேற்ற மேனேஜர் என்று பதவி. கழுத்தில் ஒரு நாடா, நாடாவில் ஒரு அட்டை, அட்டையில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பெண்களை முற்றத்து வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு முதலாளி பேசினார். "வெளிநாட்டுக்காரன் கேக்கான், ஒனக்க கம்பெனியில முன்னேற்றம் உண்டாண்ணு. எனக்க முன்னேற்றத்தப் பாக்கணும்னா எனக்க வீட்ட வந்து பாருன்னு சொன்னேன். அது போதாதாம். தொழிலாளியும் முன்னேறணுமாம். சரி, முன்னேறுங்க. நான் எப்பமாவது ஒங்களத் தடுத்திருக்கேனா? ஆனா ஒண்ணு. செலவில்லாம முன்னேறணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

எல்லோரையும் குழுக்களாகப் பிரித்தார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற ஆண்கள் டைகர்ஸ். தொலி உரிக்கிற பெண்கள் டால்பின்ஸ். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியும் என்பதால் சுபிதாதான் டால்பின்ஸின் தலைவி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற இசக்கிக்கு நாற்பதைத் தாண்டிய வயது, நாக்குக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"டால்பின்னா என்னதுட்டி?"

"மீனுக்கா. கடல்ல துள்ளும்."

"துள்ளும், செரி. கொழம்பு வைக்கக் கொள்ளாமா?"

"சும்மா இரிங்கக்கா, சார் பாக்காரு."

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் குழுவாக நின்று உற்சாகம் காட்ட வேண்டும் என்றார் பெனின். "நேற்றைவிட இன்று!" என்று அவர் கத்துவார். "இன்றைவிட நாளை!" என்று பெண்கள் கத்த வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் முணுமுணுத்தார்கள். "எனர்ஜி வேணும்மா, எனர்ஜி! உங்களுக்குச் சந்தோசம் வந்தா எப்படிச் சத்தம் போடுவீங்களோ அப்படிப் போடுங்க" என்றார் பெனின். சேர்ந்து சத்தம் போட அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கோயில் கொடைவிழாவில் அம்மனுக்கு இடுகிற குரவை. இசக்கி நாக்கைச் சுழற்றித் தொடங்கினாள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. பெனினுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே செல்போனில் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அம்மனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற குரவை சுயம்புராஜின் முந்திரிக்குத் தினமும் கிடைத்தது. குரவை முடிந்ததும் இசக்கி தினமும் ஒருதரம் காறித் துப்பினாள்.

டால்பின்ஸின் முதல் கூட்டத்தில், உங்கள் வேலையிடத்தில் எதை மேம்படுத்தலாம் என்று பெனின் கேட்டார். சுபிதாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கக்கூஸுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும் சார். பின்ன கொழாயில வெள்ளம் வரணும். ஒரு வாளி."

பெனின் முகம் சுருங்கியது. "இது குறை. குறை சொல்லக் கூடாது. வாய்ப்புன்னு சொல்லணும்."

"கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் வாய்ப்பில்ல சார்" என்றாள் சுபிதா, சரியாகத்தான் சொல்கிறோமா என்று தெரியாமல்.

"குட். இப்போ நாம ஐந்து ஏன் கேட்போம். ஒரு பிரச்சினையை எடுத்துக்கிட்டு ஏன், ஏன்னு ஐந்து தடவை கேட்டா ஆணிவேர் கிடைச்சிரும். தாழ்ப்பாள் ஏன் இல்லை?"

"களந்து விழுந்திட்டு சார்."

"ஏன் களந்துச்சு?"

"கதவு இத்துப்போச்சு."

"ஏன் இத்துப்போச்சு?"

"மழ வெள்ளம் பூரா அதுக்க மேலதான் விழுகு."

"ஏன் விழுது?"

"மேல ஓடு ஒடஞ்சு கெடக்கு."

பெனின் பேனாவை உயர்த்தினார். ஆணிவேர் நெருங்கிவிட்டது. "உடைஞ்ச ஓடு ஏன் அப்படியே கிடக்கு?"

"மொதலாளி மாத்தித் தரல்ல சார்."

பேனா கீழே இறங்கியது. "நோ, நோ, நோ. ஐந்தாவது ஏனுக்கு ஆள் பேரு வரவே கூடாது. மனுசன் தப்பு பண்ண மாட்டான். ப்ராசஸ்தான் தப்பு பண்ணும்."

"அந்த ப்ராசஸ் எங்க இருக்காரு சார்? நான் போய்க் கேக்கேன்" என்றாள் இசக்கி.

பெனின் அவளைப் பார்க்காமல் பலகையை அழித்தார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை வழி தவறாமல் இருக்க அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார். தாழ்ப்பாள் ஏன் கழன்றது? இழுத்ததால். ஏன் இழுத்தார்கள்? கதவைச் சாத்த. ஏன் சாத்தினார்கள்? உள்ளே ஆள் இருந்ததால். ஏன் உள்ளே போனாள்? முட்டிக்கொண்டு வந்ததால். "முட்டிக்கிட்டு ஏன் வந்துச்சு?" என்று ஐந்தாவது ஏனைக் கேட்டுவிட்டு சுபிதாவையே பார்த்தார்.

சுபிதா விழித்தாள். "வெள்ளம் குடிச்சா வராதா சார்?"

"எக்ஸலண்ட்!" பெனின் துள்ளிவிட்டார். பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வட்டம் போட்டார். ஆணிவேர்: தண்ணீர் குடிப்பது. ஒரு மனுஷன் காசு செலவழித்துப் படித்து, கடல் கடந்து போய் வேலை பார்த்து, திரும்பி வந்து கண்டுபிடித்தது இது. இதற்கும் கைதட்டச் சொன்னார்.

அவரைச் சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். அடுத்த வாரமே ஆள் வைத்துக் கக்கூஸ் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் வரைந்தார். வட்டத்துக்குள் வாளி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சின்ன வட்டம், அதில் கப்பு. எந்தப் பொருளுக்கும் ஒரு இடம், அந்த இடத்தில் அந்தப் பொருள் என்று விளக்கினார். வாளி எங்கே என்று சுபிதா கேட்டாள். வாளி வாங்குவது செலவு, வட்டம் போடுவது முன்னேற்றம் என்று பதில் வந்தது. தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ஒரு பக்கம் 'உள்ளே ஆள் உண்டு', மறுபக்கம் 'ஆள் இல்லை'. காற்றடிக்கிறபோதெல்லாம் அட்டை தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது.

"பெயிண்டுக்குக் குடுத்த காசுல நாலு தாழ்ப்பாளும் ரெண்டு வாளியும் வாங்கலாமே, சவங்க" என்றாள் இசக்கி.

எப்படியும் அங்கே யாரும் போகப்போவதில்லை, மதில் ஓட்டை இருக்கிறது என்று பெண்கள் சிரித்துவிட்டு இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு டைகர்ஸ் வினை வைத்தார்கள். அவர்களும் வாரம் ஒரு முன்னேற்றம் காட்ட வேண்டுமே! காட்ட ஒன்றும் அகப்படாமல் ஆலையைச் சுற்றி வந்தவர்கள் கண்ணில் மதில் ஓட்டை பட்டது. பாதுகாப்புக் குறைபாடு என்று பலகையில் எழுதினார்கள். ஒரே நாளில் செங்கல் வந்து, சிமெண்டு வந்து, ஓட்டை அடைபட்டது. இத்தனை வருஷம் ஒரு தாழ்ப்பாளுக்கு வராத கொத்தனார் அதற்கு வந்தார். டைகர்ஸுக்கு மாதப் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முதலாளி கையால் கொடுத்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கதீஜா உம்மாளின் குரல் கேட்டது. "அல்லாவே, பிள்ளைய எங்க போவும்? ஏ மேஸ்திரி, ஒனக்க வீட்டுல பொம்பளைய இல்லியா?"

கொத்தனார் கடைசிச் செங்கல்லையும் வைத்துப் பூசினார்.

வாசல் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் வாசலில் வாட்ச்மேன் நாராயணபெருமாள் நிற்கிறார். வெளியே போகிற பெண்ணை முந்திரி ஒளித்துக்கொண்டு போகிறாளா என்று சோதனை போட்டுத்தான் விட வேண்டும், சோதனை போடுகிற அம்மாள் சாப்பாட்டு நேரத்துக்கும் சாயங்காலத்துக்கும்தான் வருவாள். இடையில் போக பெனின் சாரின் அனுமதி வேண்டும். சுபிதா போய்க் கேட்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னதையும் கூச்சத்தை விட்டுச் சொன்னாள். பெனின் மிகவும் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"சுபிதா, உன் வலி எனக்குப் புரியுது. ஆனா நீ டீம் லீடர். நடந்து போறது வேஸ்ட். நடந்து வர்றதும் வேஸ்ட். இதை நான் சொல்லலை, ஜப்பான்காரன் சொல்றான்."

"அவன் ஒண்ணுக்குப் போவமாட்டானா சார்?"

"நெகட்டிவா யோசிக்காதே."

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வேறென்ன செய்வாள்? எல்லாப் பெண்களும் நிறுத்தினார்கள். காலையில் கட்டன் சாயாவைக்கூட வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தார்கள். தொண்டை காய்ந்து, உதடு வெடித்து, குனிந்த தலை நிமிராமல் தொலி உரித்தார்கள். எழுந்து போகிற ஆள் இல்லாததால் உரித்த முந்திரியின் எடை கூடியது. பெனினின் வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. இருநூறு பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கியதுதான் அங்கே பச்சை மையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டி, பூமாலையும் போட்டார்.

பிறகு சிவப்புச் சீட்டு வாரம் வந்தது. ஆலையில் ஒரு மாதமாக யாரும் தொடாத பொருள் எதுவோ அதற்குச் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும், கட்டியதை அப்புறப்படுத்த வேண்டும், அப்போதுதான் இடம் சுத்தமாகும் என்பது விதி. உடைந்த சாக்குத் தராசு போயிற்று. துருப்பிடித்த டின்கள் போயின. நல்லதுதான் என்று பெண்களே சொன்னார்கள். அடுத்ததாகக் குடிதண்ணீர்ப் பானைக்குச் சீட்டு விழுந்தது. யாரும் மொண்டு குடிப்பதில்லையே! பானை போயிற்று. அதற்கடுத்து பெனின் ஒரு சிவப்புச் சீட்டைச் சுபிதாவின் கையில் கொடுத்து, அவளைக் கக்கூஸ் வாசலுக்கு அழைத்துப் போனார். செல்போனில் படமெடுக்க ஒருவன் கூடவே வந்தான்.

"கட்டு."

"எதுல சார்?"

"கதவுலதான். ஒரு மாசமா யாரும் உபயோகிக்கலை. தேவையில்லாத பொருள்."

"தாழ்ப்பாள் இல்லாததுனாலதானே சார் யாரும் போவல்ல?"

"காரணம் கேக்கறது ஐந்து ஏன் ஸ்டேஜ். அது முடிஞ்சுது. இது சீட்டு ஸ்டேஜ்."

சுபிதா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டக் கை போகவில்லை. கடைசியில் பெனினே கட்டினார், அவள் கையைத் தன் கையோடு பிடித்துக்கொண்டு, படத்துக்குச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் கக்கூஸை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஒரு கண்ணாடி அறை எழும்பியது. முன்னேற்ற மையம் என்று பெயர். பளபளவென்று தரை ஓடு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க வரைபடங்கள், நடுவில் முதலாளியின் படம். செலவில்லாமல் முன்னேறச் சொன்னவர் அதற்கு எவ்வளவு செலவழித்தார் என்று யாரும் ஐந்து ஏன் கேட்கவில்லை.

சுபிதாவுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. சாயங்காலமானால் குளிர் நடுக்கும், முதுகு விலாப் பக்கம் குத்தும். இனி வேலைக்குப் போகவேண்டாம் என்று செல்வன் சண்டை போட்டான். முன்னேற்றக் குழுக்களுக்கான மாநில அளவிலான போட்டிக்கு நடுவர் வருகிற நாள் நெருங்கிவிட்டது, தலைவி இல்லாமல் டால்பின்ஸ் இல்லை, அன்றைக்கு வராவிட்டால் இனி எப்போதும் வரவேண்டாம் என்று பெனின் சொல்லிவிட்டார். அவள் போனாள். புருஷனுக்கு மழைக்காலத்தில் பால் வெட்டு கிடையாது, அந்த நாட்களில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்.

நடுவர் ஒரு அம்மாள். சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, காரில் வந்திறங்கினார். பட்டுச் சேலை, கையில் தோல் பை. பெண்களைக் கண்ணாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். முதல் தடவையாக உள்ளே போனார்கள். முதலாளி பேச எழுந்தார்.

"இந்தப் பெண்கள் எனக்குத் தொழிலாளிகள் இல்ல, கூடப்பிறந்த தங்கச்சிமாரு. எனக்க வீட்டுல அஞ்சு பாத்ரூம் உண்டு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நெறத்துல ஓடு. ஆனா இந்தத் தங்கச்சிமாரு அப்படி ஒண்ணும் கேக்கமாட்டாவ. இருந்ததையும் வேண்டாம்னு அவியளே சீட்டுக் கட்டித் தந்தாவ. அந்த மனசு யாருக்கு வரும்? வெள்ளம்கூடக் குடிக்காம எனக்காக ஒழைக்காவ அம்மா!" அவருக்குக் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது, அதுதான் கொடுமை.

நடுவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பெனின் கண்காட்ட, சுபிதா ஒரு கருக்கு இளநீரை வெட்டி ஸ்ட்ரா போட்டு நடுவரிடம் கொண்டுபோனாள். அந்த அம்மாள் சிரித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வேண்டாம்மா. ஃபேக்டரி பார்க்கப் போற அன்னைக்கு நான் காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன். உனக்குச் சொல்லணுமா, நாமெல்லாம் பொம்பளைங்கதானே."

சுபிதா கருக்கோடு நின்றாள். இந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, வாயைக் கட்டிக்கொண்டு வந்து, மார்க்கும் போடுகிறாள். இத்தனை நாளும் வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது. அப்படியே நின்ற இடத்தில் கருக்கை அண்ணாந்து குடித்தாள். ஸ்ட்ரா கீழே விழுந்தது. மேசையிலிருந்த இன்னொன்றையும் எடுத்துக் குடித்தாள். பெனின் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரசண்டேஷன், பிரசண்டேஷன்" என்றார்.

அவள் பலகைக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினாள். வீண் நடை குறைந்தது பற்றிச் சொன்னாள். பானை பற்றிச் சொன்னாள். பாதியில் நெற்றி வேர்த்தது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முடியல்ல" என்றாள்.

இசக்கி எழுந்து வந்து அவளைத் தாங்கினாள். தரையைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் பார்த்தாள், பின்மதிலைப் பார்த்து அளந்துகொண்டாள். "நீ எதுக்கு மக்கா எங்கேயும் போவணும்? பழைய கக்கூஸு நின்ன எடம் இதுதான். நம்ம எடம். இரி."

"அய்யோ, அக்கா!"

"இரிட்டீ. நாங்க நிக்கோம்."

இசக்கி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். டால்பின்ஸ் எல்லோரும் எழுந்து வந்து, தோளோடு தோள் சேர்த்து, முகத்தை வெளியே பார்க்கத் திருப்பிச் சுற்றி நின்றார்கள். நடுவில் சுபிதா குந்தியதை அந்த அறையில் வேறு யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்கக் கூடாதே என்று இசக்கி நாக்கைச் சுழற்றினாள். குரவை எழுந்தது. கொடையில்கூட அப்படி ஒரு குரவை கேட்டதில்லை. கண்ணாடி கிடுகிடுத்தது.

முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தீங்களா அம்மா, எங்க பிள்ளையளுக்க எனர்ஜி!"

அப்போது பெண்களின் கால்களுக்கு இடையிலிருந்து ஒரு ஈரக் கோடு பளபளக்கிற ஓட்டில் மெல்ல ஓடிவந்தது. முதலாளியின் வெள்ளைச் செருப்பைத் தொட்டு, நனைத்து, அப்பால் போயிற்று. அதில் இளஞ்சிவப்பு கலந்திருந்தது. நடுவர் அம்மாள் பார்த்தார். புரிந்துகொண்டார். சேலையைத் தூக்கிக் கால்களை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டு, குனிந்து, தன் தாளில் என்னமோ எழுதத் தொடங்கினார்.

பெனின் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "சுபிதா! ஏன்? ஏன் இப்படி?"

இசக்கி குரவையை நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டாள். "அது மொத ஏனு சாரே. மிச்சத்தையும் கேளும், நாங்க சொல்லுகோம். அஞ்சாவதுக்கு ஆள் பேருதான் வரும், இப்பமே சொல்லிட்டேன்."

பெனின் கேட்கவில்லை.

சுபிதாவை அன்றைக்கே தக்கலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னி வரை போய்விட்டது என்றும் தப்பித்துக்கொள்வாள் என்றும் டாக்டரம்மா சொன்னார். கதீஜா உம்மாள் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுயம்புராஜின் குலத்தையே சபித்துவிட்டுப் போனாள். ஆலைக்கு மாநில அளவில் இரண்டாம் பரிசு கிடைத்தது. தொழிலாளர்களின் முழு ஈடுபாட்டுக்காக என்று கோப்பையில் பொறித்திருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரனே நேரில் வரப்போகிறான் என்று தெரிந்ததும் அவசர அவசரமாக ஒரு புதுக் கக்கூஸ் கட்டினார்கள். ஓடு பதித்தது. குழாயில் தண்ணீர் வந்தது. வாளி வட்டத்தில் நிஜமாகவே ஒரு வாளி இருந்தது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. வெளியேயும் ஒன்று இருந்தது, அதில் பூட்டுத் தொங்கியது. விருந்தாளி வருமுன் அழுக்காகிவிடக் கூடாது என்று சாவியைப் பெனின் வைத்திருந்தார். அவசரமென்றால் காலைக் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சுபிதா மெலிந்து, கண் உள்ளே போய், வேலைக்குத் திரும்பி வந்த நாளில்தான் அந்தப் பூட்டைப் பார்த்தாள். போய் உட்கார்ந்து தொலி உரித்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பியைத் திறந்து தண்ணீர் குடித்தாள், கொஞ்ச நேரம் கழித்து மீதியையும் குடித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாவி கேக்கப் போறியா?" என்றாள் இசக்கி.

"இல்லக்கா."

அவள் நேராகக் கண்ணாடி அறையைப் பார்த்து நடந்தாள். அங்கே பெனின் வெளிநாட்டுக்காரனுக்காக வரைபடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் முறங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. டால்பின்ஸ் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.